ஒரு வினை, ஏழு கேள்விகள்

ஆங்கில வினைச்சொல்லின் வகையை நீங்களே கண்டுபிடிக்கும் முறை

ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் வினைச்சொற்களின் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும்: மெயின் வெர்ப், ஆக்ஸிலரி வெர்ப், மோடல், லிங்கிங், ட்ரான்சிட்டிவ், இன்ட்ரான்சிட்டிவ், ஸ்டேட்டிவ், ரெகுலர், இர்ரெகுலர், ஃப்ரேசல். பலரும் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் ஒரு விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை தடுமாறுகிறது. பெயர்களைக் கற்றுக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயர்கள் எதற்கு என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு வினையின் வகை தெரிந்தால், அதற்கு முன்னும் பின்னும் எந்தச் சொல் வரலாம், எது வரக்கூடாது என்று தெரிந்துவிடும். வகைகளால் கிடைக்கும் பயன் இதுதான். எனவே இந்த அத்தியாயத்தில் பெயர்களைப் பின்னால் தள்ளிவிட்டு, எந்த வினையைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளை முன்னால் வைக்கிறோம். அவற்றை வரிசை மாறாமல் கேளுங்கள். முதல் இரண்டில் தவறினால் வாக்கியமே குலைந்துவிடும். அதனால் அவை முதலில் வருகின்றன.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

1. கோடு போட்ட நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனாக்கள்.
2. ஆங்கில நாளிதழின் ஒரு பக்கம், அல்லது நீங்கள் அலுவலகத்துக்கு எழுதிய பழைய கடிதம்.
3. கற்போருக்கான அகராதி. ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அவற்றுள் பெயர்பெற்றது. அதைத் தொகுத்த ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். 1942-இல் ஜப்பானில் வெளிவந்த அவருடைய அகராதியை 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்டது. சொல்லின் பொருளோடு நிற்காமல், ஒரு வினைக்குப் பின் எந்த அமைப்பு வரும் என்பதையும் காட்டியது அதன் சிறப்பு. நமக்கு வேண்டியதும் அதுவே.

கேள்வி 1: வாக்கியத்தை முடிக்கும் வினை எது?

தமிழில் ‘எழுதினான்’ என்பது முற்று. ‘எழுதி’, ‘எழுத’ என்பவை எச்சம். எச்சத்தோடு வாக்கியம் முடியாது. ஆங்கிலத்திலும் அப்படியே. ‘ரைட்ஸ்’, ‘ரோட்’ போன்றவை ஃபைனைட் வெர்ப். ‘டு ரைட்’ என்பதும், துணையில்லாமல் தனியே நிற்கும் ‘ரைட்டிங்’ என்பதும் நான்-ஃபைனைட்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. வாக்கியத்தில் செயலையோ நிலையையோ குறிக்கும் சொற்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள்.
2. வாக்கியத்தின் முன்னால் ‘யெஸ்டர்டே’ என்று சேர்த்து, இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள்.
3. எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் முற்று. மாறாமல் நிற்பவை எச்சங்கள்.

‘ஷீ வான்ட்ஸ் டு லேர்ன் டிரைவிங்’ என்பதை நேற்றுக்கு மாற்றினால் ‘ஷீ வான்டட் டு லேர்ன் டிரைவிங்’ ஆகும். மாறியது ‘வான்ட்ஸ்’ மட்டும். ஆகவே அதுவே முற்று.

வினையின் வடிவங்களையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான வினைகளுக்கு நான்கு அல்லது ஐந்து வடிவங்கள்தான். ‘ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங்’ என்பவை ஐந்து. ‘வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங்’ என்பவை நான்கு. ‘கட், கட்ஸ், கட்டிங்’ என்பவை மூன்றே. ‘பீ’ என்ற ஒரே வினைக்கு மட்டும் எட்டு வடிவங்கள் உண்டு: பீ, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன்.

வழக்கமான தவறு: ‘ஹீ கோயிங் டு ஆஃபீஸ்’. பேச்சில் அடிக்கடி காதில் விழுவது இது. ‘கோயிங்’ தனியே முற்றாகாது. முன்னால் ‘இஸ்’ வேண்டும். ‘ஹீ இஸ் கோயிங் டு தி ஆஃபீஸ்’ என்பதே சரி.

கேள்வி 2: முதன்மை வினையா, துணைவினையா?

பொருளைத் தருவது முதன்மை வினை. அதற்குக் காலம், எதிர்மறை, கேள்வி, வாய்ப்பு ஆகியவற்றைச் சேர்ப்பது துணைவினை, அதாவது ஆக்ஸிலரி வெர்ப். பள்ளி இலக்கணங்கள் வழக்கமாகப் பட்டியலிடும் துணை வடிவங்கள் 24:

- பீ வகை, 5: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்
- ஹேவ் வகை, 3: ஹேவ், ஹேஸ், ஹேட்
- டூ வகை, 3: டூ, டஸ், டிட்
- மோடல், 9: கேன், குட், ஷேல், ஷுட், வில், வுட், மே, மைட், மஸ்ட்
- அரை மோடல், 4: ஆட் டு, நீட், டேர், யூஸ்டு டு

சோதனை எளிது. வாக்கியத்தைக் கேள்வியாக்குங்கள். எழுவாய்க்கு முன்னால் தாவும் சொல் துணைவினை. ‘தே ஆர் ஸ்லீப்பிங்’ என்பது ‘ஆர் தே ஸ்லீப்பிங்?’ ஆகிறது. எனவே ‘ஆர்’ துணை, ‘ஸ்லீப்பிங்’ முதன்மை. தாவுவதற்கு எதுவும் இல்லாவிட்டால் ‘டூ’ வகைச் சொல் ஒன்றை வரவழைக்க வேண்டும். ‘ஹீ வொர்க்ஸ் ஹியர்’ என்பது ‘டஸ் ஹீ வொர்க் ஹியர்?’ ஆகும்.

ஒரு முக்கியமான விலக்கு: ‘பீ’ முதன்மை வினையாக நின்றாலும் தாவும். ‘ஷீ இஸ் எ நர்ஸ்’ என்பதில் வேறு வினை இல்லை; ஆனாலும் கேள்வி ‘இஸ் ஷீ எ நர்ஸ்?’ என்றே வரும்.

பீ, ஹேவ், டூ மூன்றும் இரு வேலையும் செய்யும் என்பதை மறக்காதீர்கள். ‘ஐ ஹேவ் எ சைக்கிள்’ என்பதில் ‘ஹேவ்’ முதன்மை. ‘ஐ ஹேவ் பாட் எ சைக்கிள்’ என்பதில் அது துணை.

*துணைகள் பல வந்தால் வரிசை என்ன?*

துணைவினைகள் ரயில் பெட்டிகள் போலக் கோக்கப்பட்டவை. முன்னால் நிற்கும் எஞ்சின் மட்டும் காலத்தை இழுக்கும். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததன் வடிவத்தைத் தீர்மானிக்கும். வரிசையும் விதியும் இவை:

1. மோடல் எப்போதும் முதலில். அடுத்து வருவது மாறாத மூலவடிவம்.
2. ஹேவ் அடுத்து. அதற்குப் பின் மூன்றாம் வடிவம், அதாவது ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்பதில் ‘ரிட்டன்’.
3. தொடர்ச்சியைக் காட்டும் பீ அடுத்து. அதற்குப் பின் ‘இங்’ வடிவம்.
4. செயப்பாட்டுக்கான பீ கடைசி. அதற்குப் பின் மூன்றாம் வடிவம்.

‘தி ரோட் மஸ்ட் ஹேவ் பீன் ரிப்பேர்ட்’ என்ற வாக்கியத்தில் 1, 2, 4 என்று மூன்றும் வரிசையாக வந்திருப்பதைப் பாருங்கள். சாலையைச் சரிசெய்திருப்பார்கள் என்ற ஊகம் இது.

வழக்கமான தவறுகள்:

- ‘ஐ டிட் நாட் வென்ட்’ தவறு. காலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘ஐ டிட் நாட் கோ’ என்பதே சரி.
- ‘டஸ் ஷீ நோஸ்?’ தவறு. ‘டஸ்’ என்பதிலேயே ‘ஸ்’ இருக்கிறது. ‘டஸ் ஷீ நோ?’ சரி.
- ‘வேர் யூ ஆர் கோயிங்?’ தவறு. எங்கே என்ற கேள்விச்சொல்லுக்குப் பின்னும் துணைவினை தாவியாக வேண்டும்: ‘வேர் ஆர் யூ கோயிங்?’

மோடல் வினைகள்: நான்கு கட்டுப்பாடுகள்

கேள்வி 2-இல் மோடல் ஒன்று அகப்பட்டால் இந்த நான்கையும் சரிபாருங்கள்.

1. ‘ஸ்’ சேராது. ‘ஹீ கேன்ஸ்’ என்று எதுவும் இல்லை.
2. பின்னால் ‘டு’ வராது. ‘யூ மஸ்ட் டு கோ’ தவறு. ‘யூ மஸ்ட் கோ’ சரி. ‘ஆட் டு’, ‘யூஸ்டு டு’ இரண்டும் விலக்கு.
3. பின்னால் மூலவடிவம் மட்டுமே. ‘கேன் ஸ்விம்ஸ்’, ‘வில் கேம்’ போன்றவை தவறு.
4. ஒரு வினைத்தொடரில் ஒரே மோடல். ‘வில் கேன்’ என்று இரண்டு வராது. ‘வில் பீ ஏபிள் டு’ என்று மாற்றுங்கள்.

வழக்கமான தவறு: ‘ஐ கேன் ஏபிள் டு டூ இட்’. முடியும் என்பதை இரண்டு முறை சொல்கிறது இது. ‘ஐ கேன் டூ இட்’ அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு டூ இட்’, இரண்டில் ஒன்று போதும்.

எச்சரிக்கை, மருந்தும் இயந்திரமும்: மோடலைத் தவறாகப் படித்தால் உடம்புக்கே கேடு வரலாம். இந்த இரண்டையும் பிரித்தறியுங்கள்.

- ‘யூ மஸ்ட் நாட் டிரைவ் ஆஃப்டர் டேக்கிங் திஸ் டேப்லெட்’: இந்த மாத்திரை சாப்பிட்டபின் வண்டி ஓட்டவே கூடாது. இது தடை.
- ‘யூ டோன்ட் ஹேவ் டு டேக் திஸ் டேப்லெட் வித் ஃபுட்’: சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. இது விருப்பம்.

எதிர்மறை இல்லாதபோது ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ இரண்டும் ‘வேண்டும்’ என்றே பொருள் தரும். ‘நாட்’ சேர்ந்ததும் ஒன்று ‘கூடாது’ ஆகிறது, மற்றது ‘தேவையில்லை’ ஆகிறது. மருந்துச் சீட்டு, தொழிற்கூட அறிவிப்பு, மின்சாதனக் கையேடு ஆகியவற்றைப் படிக்கும்போது ‘மஸ்ட் நாட்’ கண்ணில் பட்டால் அங்கேயே நின்று இரண்டாம் முறை படியுங்கள்.

கேள்வி 3: செய்கிறதா, இணைக்கிறதா?

‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் வாக்கியத்தை முடிக்கலாம். ஆங்கிலத்தில் முடியாது. எழுவாயையும் அதைப் பற்றிய செய்தியையும் இணைக்க ஒரு வினை நின்றே ஆக வேண்டும். அதுதான் லிங்கிங் வெர்ப். ‘பீ’ இவற்றுள் தலையாயது. பிகம், சீம், ரிமைன், லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சவுண்ட் ஆகியவையும் இந்த வேலையைச் செய்யும்.

சோதனை: வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ என்று ஏதாவதொன்றைப் பொருத்துங்கள். வாக்கியம் பொருள் தந்தால் அது இணைப்புவினை.

- ‘தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்’: ‘தி சாம்பார் இஸ் குட்’ என்றாலும் பொருந்துகிறது. இணைப்பு.
- ‘ஷீ டேஸ்டட் தி சாம்பார்’: ‘ஷீ வாஸ் தி சாம்பார்’ என்றால் அபத்தம். இங்கே ‘டேஸ்டட்’ செயல்வினை. அவள் ருசி பார்த்தாள்.

இணைப்புவினைக்குப் பின் பெயரையோ பெயருரிச்சொல்லையோ வையுங்கள், வினையுரிச்சொல் கூடாது. ‘ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுலி’ தவறு. ‘ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்’ சரி. ஆனால் ‘ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி’ சரி, பாடுவது செயல்.

வழக்கமான தவறு: ‘மை ஃபாதர் எ ஃபார்மர்’. தமிழ் வாக்கியத்தை அப்படியே எடுத்துவைத்தால் ‘இஸ்’ காணாமல் போகும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு முற்று இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

கேள்வி 4: ‘எதை?’, ‘யாரை?’ என்று கேட்டால் பதில் வருகிறதா?

தமிழ் இலக்கணம் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று பிரிப்பதும் ஆங்கில இலக்கணம் இன்ட்ரான்சிட்டிவ், ட்ரான்சிட்டிவ் என்று பிரிப்பதும் ஒரே பிரிவுதான். இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் தவறுகள் குவியும் இடம் இது.

1. வினையை எடுத்து ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். ‘ஷீ பாட் எ சாரி’: எதை வாங்கினாள்? புடவையை. இது ட்ரான்சிட்டிவ்.
2. பதில் இல்லையென்றால் இன்ட்ரான்சிட்டிவ். ‘தி பேபி ஸ்லெப்ட்’: எதைத் தூங்கியது என்று கேட்கவே முடியாது.
3. ‘யாருக்கு?’ என்பதற்கும் ‘டு’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச்சொல் இல்லாமலே பதில் வந்தால் இரட்டைச் செயப்படுபொருள் கொண்ட வினை. ‘ஷீ கேவ் மீ எ புக்’: எனக்கு, ஒரு புத்தகம்.
4. ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். டி என்ற எழுத்து ட்ரான்சிட்டிவ் என்பதற்கும், ஐ என்ற எழுத்து இன்ட்ரான்சிட்டிவ் என்பதற்கும் அடையாளம். சில அகராதிகள் முழுச்சொல்லாகவே தரும்.

*பொருளை விழுங்காதீர்கள்.* ‘மருந்து வாங்கினாயா?’ என்று கேட்டால் தமிழில் ‘வாங்கிட்டேன்’ என்று மட்டும் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் ‘ஐ பாட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். ‘ஐ பாட் இட்’ என்று சொல்லுங்கள்.

*வேண்டாத முன்னிடைச்சொல்லைச் சேர்க்காதீர்கள்.* தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’, ‘அறைக்குள் நுழைந்தார்’ என்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘என்டர் இன்டு தி ரூம்’, ‘ரீச் டு சென்னை’, ‘மேரி வித் ஹிம்’ என்று எழுதிவிடுகிறோம். இந்த நான்கு வினைகளும் செயப்படுபொருளை நேராக ஏற்பவை: ‘டிஸ்கஸ் தி பிளான்’, ‘என்டர் தி ரூம்’, ‘ரீச் சென்னை’, ‘மேரி ஹிம்’.

*வேண்டிய முன்னிடைச்சொல்லை விடாதீர்கள்.* ‘பாட்டுக் கேட்டேன்’ என்பதை ‘ஐ லிசன்ட் சாங்ஸ்’ என்று எழுதக்கூடாது. லிசன் டு, வெயிட் ஃபார், லுக் அட், டிபெண்ட் ஆன் என்று சோடியாகவே நோட்டில் எழுதி வையுங்கள்.

*‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ வேண்டாம்.* கிவ், செண்ட், டெல், ஷோ போன்றவை ஆளை நேராக ஏற்கும். எக்ஸ்ப்ளெய்ன், சஜஸ்ட், சே ஆகியவை ஏற்காது. ‘எக்ஸ்ப்ளெய்ன் தி ரூல் டு மீ’ என்பதே சரி.

*செயப்பாட்டு வினை யாருக்கு?* செயப்படுபொருள் ஏற்கும் வினைக்கு மட்டுமே செயப்பாட்டு வடிவம் உண்டு. ‘ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்’ என்று புகார்க் கடிதங்களில் எழுதுகிறார்கள். ‘ஹேப்பன்’ எதையும் ஏற்காது. ‘ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பண்ட்’ என்று எழுதுங்கள்.

*இரு பக்கமும் நிற்கும் வினைகள்.* தமிழில் ‘கண்ணாடி உடைந்தது’, ‘அவன் கண்ணாடியை உடைத்தான்’ என்று வினையே உருமாறும். திரும்பு, திருப்பு, உருள், உருட்டு என்பவையும் அப்படியே. ஆங்கிலத்தில் பல வினைகள் உருமாறாமல் இரண்டு வேலையும் செய்கின்றன: ‘தி கிளாஸ் ப்ரோக்’, ‘ஹீ ப்ரோக் தி கிளாஸ்’. ஓபன், க்ளோஸ், டர்ன், ரோல், மூவ், பாயில் எல்லாம் இந்த இனம். ஆனால் சில சோடிகள் தமிழைப்போல் உருமாறும். அவற்றைத் தனியே பதிந்துகொள்ளுங்கள்:

- தானாக உயர்வது: ரைஸ், ரோஸ், ரிசன். ஒன்றை உயர்த்துவது: ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்.
- படுத்திருப்பது: லை, லே, லெய்ன். ஒன்றைக் கிடத்துவது: லே, லெய்ட், லெய்ட்.

கேள்வி 5: செயலா, நிலையா?

ஓடுவது, எழுதுவது, சமைப்பது ஆகியவை செயல். இவை டைனமிக் வினைகள். தெரிவது, பிடிப்பது, சொந்தமாக இருப்பது ஆகியவை நிலை. இவை ஸ்டேட்டிவ் வினைகள். நிலையைக் குறிக்கும்போது ‘இங்’ வடிவம் பொதுவாக ஆகாது. ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’, ‘ஐ ஆம் வான்டிங் டீ’ இரண்டும் தவறு.

இங்கே உங்கள் தமிழ்க் காதை நம்புங்கள். தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும் என்ற சொற்களைப் பாருங்கள். ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாம் சொல்வதில்லை. தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கி இத்தகைய சொல்லில் முடியும் வாக்கியம், ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஸ்டேட்டிவ் வினையாகவே வரும்:

- எனக்குத் தெரியும்: ‘ஐ நோ’
- எனக்குப் புரிகிறது: ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’
- எனக்குப் பிடிக்கும்: ‘ஐ லைக்’
- எனக்கு வேண்டும்: ‘ஐ வான்ட்’
- எனக்கு இரண்டு தம்பிகள்: ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’

பிலீவ், பிலாங், கன்டெய்ன், காஸ்ட், ஓன், நீட் ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

குறிப்பு: சில வினைகள் பொருளுக்கேற்ப இனம் மாறும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ தவறு. உடைமை என்பது நிலை. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, சாப்பிடுவது செயல். ‘ஐ திங்க் ஹீ இஸ் ரைட்’ என்பது கருத்து, அது நிலை. ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் தி ஆஃபர்’ என்பது யோசனை, அது செயல்.

கேள்வி 6: இறந்தகாலம் எப்படி வருகிறது?

‘எட்’ சேர்ந்தால் ரெகுலர். வேறு வழியில் மாறினால், அல்லது மாறவே மாறாவிட்டால், இர்ரெகுலர். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும், அதாவது பீ, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் எல்லாமே இர்ரெகுலர். ‘கோ’வின் இறந்தகாலமான ‘வென்ட்’ வேறொரு பழைய வினையிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மூலவடிவம், இறந்தகாலம், மூன்றாம் வடிவம் ஆகிய மூன்றையும் குழு குழுவாகப் படியுங்கள்.

1. மூன்றும் ஒன்று: கட், புட், ஹிட், ஷட், லெட், காஸ்ட், ஹர்ட்.
2. பின் இரண்டும் ஒன்று: பிரிங், பிராட், பிராட். பை, பாட், பாட். டீச், டாட், டாட். கீப், கெப்ட், கெப்ட்.
3. முதலும் கடைசியும் ஒன்று: கம், கேம், கம். ரன், ரேன், ரன்.
4. மூன்றும் வேறு: சிங், சேங், சங். டிரிங்க், டிரேங்க், டிரங்க். ரைட், ரோட், ரிட்டன்.

தினமும் ஒரு குழுவிலிருந்து ஐந்து வினைகளை எடுத்து, வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஓசை ஒத்த குழு சீக்கிரம் மனத்தில் நிற்கும்.

‘எட்’ உச்சரிப்புக்கு மூன்று வழிகள்: ‘வான்ட்’, ‘நீட்’ போல டகர ஓசையில் முடியும் வினைகளுக்குப் பின் மட்டும் தனி அசையாக ஒலிக்கும்: வான்டட், நீடட். ப், க், ஃப், ஸ், ஷ், ச் ஓசைகளுக்குப் பின் வல்லோசையாக ஒட்டும்: வாக்ட், வாஷ்ட். மற்றவற்றுக்குப் பின் மெல்ல ஒட்டும்: ப்ளேட், கால்ட். ‘வாக்கெட்’, ‘வாஷெட்’ என்று அசை பிரித்து உச்சரிக்காதீர்கள்.

வழக்கமான தவறுகள்: ‘காஸ்டட்’, ‘ஹர்டட்’, ‘கட்டட்’ என்று ‘எட்’ ஒட்டுவது. ‘ஃபைண்ட்’ என்பதன் இறந்தகாலம் ‘ஃபவுண்ட்’. ‘ஃபவுண்டட்’ என்பது நிறுவினார் என்ற பொருளில் வரும் வேறு வினை.

கேள்வி 7: பின்னால் ஒட்டு இருக்கிறதா?

வினையோடு ஆஃப், ஆன், அப், அவுட், ஆஃப்டர் போன்ற சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தந்தால் அது ஃப்ரேசல் வெர்ப். இரண்டையும் தனித்தனியே மொழிபெயர்த்தால் ஏமாந்துபோவீர்கள். ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடு. ‘புட் அவுட்’ என்றால் நெருப்பை, விளக்கை அணை.

1. சிறுசொல்லை நீக்கிப் பாருங்கள். பொருள் அடியோடு மாறினால் ஃப்ரேசல்.
2. பிரியுமா என்று அகராதியில் பாருங்கள். ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’, ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ இரண்டும் சரி.
3. பிரியும் வினையில் பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் வர வேண்டும். ‘டர்ன் இட் ஆஃப்’ சரி; ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு.
4. பிரியாத வினையில் பிரதிப்பெயரும் பின்னால்தான்: ‘லுக் ஆஃப்டர் ஹெர்’.

எச்சரிக்கை, ஆபத்து நேரத்துச் சொற்கள்: ‘லுக் அவுட்!’, ‘வாட்ச் அவுட்!’ என்று யாராவது கத்தினால் ஏதோ ஆபத்து நெருங்குகிறது, உடனே எச்சரிக்கையாகுங்கள் என்று பொருள். வெளியே எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. ‘கீப் அவுட்’ என்ற பலகை உள்ளே வராதே என்கிறது. ‘பாஸ்டு அவுட்’ என்பதை நாம் கல்லூரி முடித்தேன் என்ற பொருளில் சொல்கிறோம். வெளிநாட்டு மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ சொன்னால் மயங்கி விழுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். படிப்பைச் சொல்ல ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள்.

ஏழு கேள்விகளையும் ஒரே வாக்கியத்தில் கேட்டுப் பார்ப்போம்

‘ஷீ மஸ்ட் ஹேவ் டர்ன்ட் இட் ஆஃப்.’ அவள் அதை அணைத்திருப்பாள் என்ற உறுதியான ஊகம்.

1. வாக்கியத்தை முடிப்பது ‘மஸ்ட் ஹேவ் டர்ன்ட் ஆஃப்’ என்ற தொடர். முன்னால் நிற்பது ‘மஸ்ட்’.
2. ‘மஸ்ட்’, ‘ஹேவ்’ துணைகள், ‘டர்ன்ட்’ முதன்மை. மோடலுக்குப் பின் மூலவடிவமான ‘ஹேவ்’, அதற்குப் பின் மூன்றாம் வடிவம், வரிசை சரி.
3. ‘ஷீ இஸ் இட்’ என்றால் பொருந்தாது. இணைப்பு அல்ல, செயல்.
4. எதை? ‘இட்’. ட்ரான்சிட்டிவ்.
5. அணைப்பது செயல், டைனமிக்.
6. ‘எட்’ சேர்ந்திருக்கிறது; ரெகுலர்.
7. ‘ஆஃப்’ என்ற ஒட்டு உண்டு. பிரதிப்பெயர் நடுவில் நிற்கிறது. சரி.

ஒரே வினைக்கு இத்தனை பெயர்களும் ஒருசேரப் பொருந்துவதைக் கவனியுங்கள். வகைகள் ஒன்றையொன்று விலக்குவதில்லை. ஒரு வினை ட்ரான்சிட்டிவாகவும், டைனமிக்காகவும், ரெகுலராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். ‘இது எந்த வகை?’ என்று ஒற்றை விடை தேடுவதே பலரைக் குழப்புகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

இந்த ஆறு வாக்கியங்களிலும் ஒவ்வொரு தவறு இருக்கிறது. திருத்தி, எந்தக் கேள்வியால் கண்டுபிடித்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

1. ‘வீ டிஸ்கஸ்டு அபவுட் தி ஸ்கூல் ஃபீஸ்.’
2. ‘ஹீ டிட் நாட் பிராட் தி கீ.’
3. ‘தி மில்க் ஸ்மெல்ஸ் பேட்லி.’
4. ‘திஸ் ஹவுஸ் இஸ் பிலாங்கிங் டு மை அங்கிள்.’
5. ‘யூ ஷுட் டு சைன் ஹியர்.’
6. ‘ப்ளீஸ் புட் ஆஃப் இட் டில் மண்டே.’

விடைகள்:

1. ‘அபவுட்’ நீங்கும், கேள்வி 4.
2. ‘டிட் நாட் பிரிங்’, கேள்வி 2.
3. ‘ஸ்மெல்ஸ் பேட்’, கேள்வி 3.
4. ‘பிலாங்ஸ் டு’, கேள்வி 5.
5. ‘ஷுட் சைன்’, மோடல் கட்டுப்பாடு 2.
6. ‘புட் இட் ஆஃப்’, கேள்வி 7.

ஒரு வாரப் பயிற்சித் திட்டம்

- முதல் நாள்: நாளிதழில் பத்து வாக்கியங்களை எடுத்து முற்றுகளை ஒரு நிறத்திலும் எச்சங்களை மற்ற நிறத்திலும் அடிக்கோடிடுங்கள்.
- இரண்டாம் நாள்: அதே பத்தையும் கேள்வியாகவும் எதிர்மறையாகவும் மாற்றுங்கள்.
- மூன்றாம் நாள்: வீட்டிலுள்ள ஒரு மருந்துச் சீட்டிலோ சாதனக் கையேட்டிலோ உள்ள மோடல்களைத் தேடி, ஒவ்வொன்றும் தடையா, கட்டாயமா, விருப்பமா என்று குறியுங்கள்.
- நான்காம் நாள்: இருபது வினைகளுக்கு அகராதியில் ட்ரான்சிட்டிவ், இன்ட்ரான்சிட்டிவ் அடையாளத்தைப் பாருங்கள்.
- ஐந்தாம் நாள்: ‘எனக்கு’ என்று தொடங்கும் பத்துத் தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.
- ஆறாம் நாள்: இர்ரெகுலர் குழுக்கள் நான்கையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
- ஏழாம் நாள்: உங்கள் பழைய கடிதத்தை எடுத்து ஏழு கேள்விகளாலும் திருத்துங்கள்.

இனிமேல் புதிய வினை ஒன்றைக் கற்கும்போது அதன் பொருளை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மூன்று வடிவங்கள், டி அல்லது ஐ அடையாளம், பின்னால் வரும் முன்னிடைச்சொல், சொந்தமாக எழுதிய ஒரு வாக்கியம் ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். பொருள் மட்டும் தெரிந்த வினையை அடையாளம் காணத்தான் முடியும். இந்த நான்கும் தெரிந்த வினையைத் தயங்காமல் எடுத்துப் பேசவும் எழுதவும் முடியும்.